செயினில் ஊற்றிய தேங்காய் எண்ணெய்

சைக்கிள் செயினில் தேங்காய் எண்ணெய் ஊற்றியவள் நான் அல்ல. உங்களுக்கு அது தெரியும். ஆனால் நீங்கள் இறந்த பிறகும் சொந்தக்காரர்கள் நான்தான் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில், பந்தியில் வைத்தே உங்கள் தம்பி கேட்டார்: “ஏனுங் அண்ணி, ரசம் எதுல தாளிச்சிருக்குது? மெசின் ஆயிலுங்களா?” இலையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

இன்று காலை குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக உறைந்து நின்றது. மார்கழி வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளைச் சுத்தம் செய்வதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை. மழைக்காலம் ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கை விரித்து வண்டியைத் தலைகீழாக நிறுத்துவீர்கள். விடியற்காலை ஷிப்டுக்குப் பனியில் சூலூர் மில்லுக்குப் போக வேண்டுமே. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பிரஷால் செயினில் அப்பிய சேற்றைத் தேய்த்து எடுப்பீர்கள். பனியன் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு மெசின் ஆயில். மிச்சத்தைத் துடைக்காவிட்டால் மண் ஒட்டும். பெடலைச் சுற்றுவது என் வேலை. “மெதுவா, புள்ள. கெணத்துல தண்ணியா எறைக்கற?” என்பீர்கள். என் வேலையைப் பற்றி நீங்கள் பேசியது அவ்வளவுதான்.

அந்த வருஷம் மெசின் ஆயில் தீர்ந்துபோயிருந்தது. கடை திறக்கும்வரை பொறுக்க மாட்டாமல் சமையலறைக்குள் போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்தீர்கள். பனியில் உறைந்துவிடும் என்றேன். “கான்வென்ட்டுல சிஸ்டருங்க சைக்கிள் ரிப்பேரும் கத்துக் குடுத்தாங்களாக்கும்?” என்று சிரித்தபடி ஊற்றினீர்கள். அப்போது வீட்டில் நாம் இருவர் மட்டும்தான்.

மறுநாள் காலை செயின் மெழுகு பிடித்ததுபோல் விறைத்து, மேட்டில் மிதித்தபோது கழன்றது. மில் வாசலில், உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் முன்னால் விழுந்தீர்கள். முழங்கைக் காயம் ஆறிவிடும். போன மானத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. “எம்பட ஊட்டுக்காரி தேங்காயெண்ணெய ஊத்திப்போட்டாளுங்க. இங்கிலீசு படிச்ச புள்ளைங்க!” என்று அங்கேயே சொல்லிவிட்டீர்கள்.

நீங்கள் வீடு வருவதற்குள் அந்தப் பேச்சு தெருவுக்கு வந்துவிட்டது. நான் இல்லை என்று மறுத்தேன். “உடுங்க அம்மணி, தெரியாமத்தான செஞ்சீங்க” என்று பக்கத்து வீட்டுக்காரி என்னை மன்னித்தாள். கட்டுப்போட்ட கையோடு நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். அதன் பிறகு பெடலைச் சுற்றவும் என்னைக் கூப்பிடவில்லை. நம் மகன் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தான்.

ஆஸ்பத்திரியில், அவனும் உங்கள் கட்டிலருகே இருக்கும்போது கேட்டேன்: “அன்னிக்கு எண்ணெய் ஊத்துனது யாருன்னு இவன்கிட்டச் சொல்லுங்க.” ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, “இன்னுமா அதைப் புடிச்சுட்டு நிக்கற?” என்றீர்கள். மகன் என்னைத்தான் கடிந்துகொண்டான். “ஏம்மா, இந்த நேரத்துலயா?” என்றான். நேரம் குறைவாக இருந்ததால்தான் கேட்டேன். நீங்கள் போனபோது நான் அழவில்லை என்றும் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மை. அதைத் திருத்தப்போவதில்லை.

இப்போது டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் என்று மகன் உங்கள் வண்டியில் காலையில் போக ஆசைப்பட்டான். “மெக்கானிக்கிட்டக் குடுக்கறேன். நீங்க கை வெச்சுப்போடாதீங்க” என்றான். அவன் சரவணம்பட்டி ஆபீசுக்குப் போனதும் நானே சாக்கை விரித்தேன். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை; டீசலில் கழுவினேன். செயின், வீல் பேரிங், பிரேக் கம்பி, எதையும் விடவில்லை. உங்கள் பழைய கிரீஸ் கறுத்து, களிமண்ணாக இறுகிக் கிடந்தது. சுரண்டி எறிந்துவிட்டுப் புதிது வைத்தேன்.

இன்று காலை, மெக்கானிக்கிடம் கொடுக்கும் முன் ஒரு சுற்றுப் போய்வந்தவன் கேட்டருகே எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னான்: “சத்தமே இல்லீங்க. எங்கப்பா வெச்ச கிரீஸ், இன்னும் அப்படியே நிக்குது!” நான்தான் செய்தேன் என்றேன். இருவரும் சிரித்தார்கள். “பாத்துங்க தம்பி, தேங்காயெண்ணெயா இருக்கப்போகுது” என்றார் அவர்.

உங்கள் வேலை முழுவதும் என் கையில் இருக்கிறது. நீங்கள் கற்றுத்தரவில்லை, பெடலைச் சுற்றியபோது பார்த்து நானே எடுத்துக்கொண்டேன். ஆகவே நன்றி சொல்ல மாட்டேன். என் நகக்கண்ணில் டீசல் நாற்றம் இன்னும் போகவில்லை.

செத்தவருக்குக் கடிதம் எழுதுகிறாள், புத்தி பிசகிவிட்டது என்பார்கள். என்னவோ நீங்கள் உயிரோடு இருந்தபோது கேட்டவுடன் சொல்லிவிட்டது போல! இந்த வீட்டில் என் வார்த்தையை நம்ப ஆள் இல்லை. உங்கள் கையெழுத்து என்றால் நம்புவான். அன்றைக்கு எண்ணெய் ஊற்றியது யார் என்று, மகன் பெயருக்கு, ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.