கியாக்தானுக்குப் போகாத ஆட்டக்காரன்

கியாக்தான்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஆட்டக்காரனை நீ கொடுக்கவில்லை. அவனையும் வைத்துக்கொண்டு, வேறு இரண்டு அணிகளின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களையும் இழுத்து, மூன்று பேரையும் ஒரே அணியில் சேர்த்தாய். ஆறு அணிகள் ஆடிய நம் கூடைப்பந்து லீக் அதனால்தான் செத்தது. நீ போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது, இதை இப்போது எழுதத்தான் வேண்டுமா என்று என் மனைவி கேட்கிறாள். எழுதத்தான் வேண்டும். நீ உயிரோடு இருந்தபோது உன் முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

இன்று காலை உன் மகன் பட்டறைக்கு வந்து ஒரு பனியனை என் மேசைமேல் வைத்தான். புதுத்துணியும் அச்சு மையும் சேர்ந்த வாடை. விரித்துப் பார்த்தேன். முதுகில் உன் படம். உன் நினைவாக ஒரு கோப்பை நடத்தப்போகிறார்களாம், நான்கைந்து பேட்டைகளிலிருந்து அணிகள் வருமாம். "அப்பா பேர்லயும் ஒரு டீம் இருக்கு, பெரியப்பா. எல்லா டீம்லேருந்தும் நல்ல நல்ல ஆளாப் பொறுக்கிட்டோம். கம்பெனிக்காரங்களே சம்பளம் குடுக்கறாங்க. நீங்கதான் நடுவரா நிக்கணும்" என்றான். பனியனை மடித்து அவன் கையிலேயே கொடுத்தேன். அவன் முகம் சுண்டிப்போனது. அவன்மேல் தப்பில்லை. உன்னிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

லீக் எப்படித் தொடங்கியது என்பது அவனுக்குத் தெரியாது. பர்மா முழுக்கக் கலவரம் நடந்து, பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் பூட்டிக் கிடந்த காலம். நம் பசுந்தாங் பேட்டையில் வாலிபர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் முக்குக்கு முக்கு நின்றார்கள். ஓடைப் பக்கம் இடிந்துபோன நெல் கிடங்கின் சிமெண்டுத் தரை சும்மா கிடந்தது. நான் இரும்புக் கம்பியை வளைத்து இரண்டு வளையம் பற்றவைத்தேன். தையல்காரனான நீ பழைய மாவு மூட்டைத் துணியில் பனியன் தைத்தாய். நான் பள்ளிக்கூடத்தைப் பார்த்தது நான்கு வருடம்தான். பழைய புத்தகக் கடையில் ஆங்கிலத்தில் இருந்த கூடைப்பந்து விதிப்புத்தகம் ஒன்றை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விதியாகத் தமிழில் ஒரு நோட்டில் எழுதினேன். அதனால்தானே எனக்குச் சட்டப்புத்தகம் என்று பேர் வைத்தாய்? நான் நடுவர். நீ நம் பசுந்தாங் அணிக்குப் பயிற்சியாளன். ஆனால் ஆறு அணிகளுக்கும் பனியன் தைத்தது உன் மெஷின்தான். அந்த நாட்களின் உன்னை எனக்குப் பிடிக்கும். அதை மறைக்க மாட்டேன்.

முதல் வருடம் ரயில்வே குவார்ட்டர்ஸ் அணி எல்லா ஆட்டத்திலும் தோற்றது. அடுத்த வருடம் வர மாட்டோம் என்றார்கள். அன்று தேநீர்க் கடையில் நீ சொன்ன வார்த்தைதான் நம் வழக்கம் ஆனது. "ஜெயிச்சவன் ஒரு ஆளைக் கொடுக்கணும். கடைசியில வந்தவன் யாரைக் கேக்கறானோ அவனைக் கொடுக்கணும். ஒரு வருசத்துக்கு." எல்லோரும் சிரித்தார்கள். "இது என்னடா, பொண்ணு குடுக்கற மாதிரில்ல இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமாடா, பொண்ணுதான். போற இடத்துல நல்லா ஆடினா நமக்குத்தானே பெருமை?" என்றாய்.

அப்படியே நடந்தது. ஜெயித்த அணி தன் ஆட்டக்காரனைக் கூட்டிக்கொண்டு தோற்றவர்களின் தேநீர்க் கடைக்குப் போகும். அவர்கள் ஒரு தட்டில் ஊறவைத்த தேயிலையான லபெயும், வறுத்த பயறும், எள்ளும் வைத்துக் காத்திருப்பார்கள். லபெத் தட்டு வைத்துச் சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குமேல் வழக்கில்லை என்பது இந்த நாட்டுப் பழக்கம். ஒருமுறை நம் நெட்டையனை ரயில்வேக்காரர்களிடம் விட்டபோது நீ கண்ணைத் துடைப்பது போல நடித்து, "பொண்ணை நல்லாப் பாத்துக்கங்கப்பா. எட்டு மணிக்கு முன்னால எந்திரிக்காது, சோறு மட்டும் மூணு தட்டு திங்கும்" என்றாய். கடையே அதிர்ந்தது. நெட்டையன் வெட்கத்தில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டான். அந்த வருடம் ரயில்வே இரண்டாவது இடம் பிடித்தது. அன்றன்று யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாததால்தான் ஞாயிறு காலை ஜனம் வேலையைப் போட்டுவிட்டு வந்து கிடங்குச் சுவரில் ஏறி உட்கார்ந்தது.

அக்கரையில் இருக்கும் தன்லியின் என்ற ஊருக்குப் பாலம் திறந்த பிறகு ஆற்றுக்கு அப்பாலிருந்தும் அணிகள் வந்தன. கடைசியாகச் சேர்ந்தது கியாக்தான். மீன்பிடிக்கிறவர்கள், வயலில் நிற்கிறவர்கள். தலைவர் கோ தெயின் படகு ஓட்டுகிறவர். ஒரு ஆட்டத்துக்காக இரண்டு பஸ் மாறி வருவார்கள். அவர்கள் கடைசி இடத்துக்கு வந்த வருடம் நாம் ஜெயித்தோம். கோ தெயின் நம் செல்வராஜைக் கேட்டார். செல்வராஜ்தான் நம் அணியின் உயிர் என்பது அவருக்கும் தெரியும். கேட்பது அவர் உரிமை. நீ எல்லோருக்கும் முன்னால் தலையாட்டினாய்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை சாட்சியாக நான் முன்னாலேயே போய்விட்டேன். ஆற்று நடுவில் பகோடா தெரிகிற தேநீர்க் கடை. கியாக்தான் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் தலைக்கு எண்ணெய் வைத்து, சலவை லோன்ஜி கட்டி உட்கார்ந்திருந்தார்கள். கோ தெயினின் மனைவி விடியற்காலையில் எழுந்து பயறு வறுத்திருந்தாள். பஸ் வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீ இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கும் எழுந்து நின்றார்கள். மத்தியானத்துக்குமேல் யாரும் எழுந்திருக்கவில்லை, தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள். சாயங்காலம் கோ தெயின் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "ஊலே, நீங்க சாப்பிடுங்க. வறுத்தது நமுத்துப் போகுது" என்று பர்மியத்தில் சொன்னார். மாமா என்று என்னை அழைத்துப் பேசிய அந்த மனிதர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வாய் அள்ளிப் போட்டேன்.

மறுநாள் உன் தையல் கடைக்கு வந்தேன். ஸ்டூலில் செல்வராஜ். அவன் பக்கத்தில் தன்லியின் ஊர் அணியின் கோ ஆங். சுவரில் சாய்ந்துகொண்டு சீனத்தெரு அணியின் கோ லின். ஒரு வர்த்தகக் கம்பெனி மாதச் சம்பளமும் ஷூவும் கொடுத்து நம் அணியை வாங்கிக்கொண்டது என்று அப்போதுதான் தெரிந்தது. நீ கோ லினுக்கு மார்பளவு எடுத்துக்கொண்டிருந்தாய். டேப்பைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கியாக்தான்ல நேத்து பூரா காத்துக் கிடந்தாங்கடா" என்றேன்.

"கிடக்கட்டும். ஜனம் கெட்டிக்காரன் ஆட்டத்தைப் பாக்கத்தான் வருது. மூணு கெட்டிக்காரன் சேந்தா மூணு மடங்கு வரும்."

செல்வராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே, "நாங்க மூணு பேரும் கூட்டாளிங்க மாமா. சேந்து ஆடணும்னு ரொம்ப நாள் ஆசை" என்றான்.

"மூணு பேரும் ஒரே பக்கம் நின்னா எதுத்தாப்ல யாருடா நிப்பான்?"

அவனுக்குப் பதிலாக நீ சொன்னாய். பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொன்னாய். "ஆளைக் குடுக்கணும்னு எந்த விதியில இருக்கு, சட்டப்புத்தகம்? உன் நோட்டை எடு. பக்கத்தைக் காட்டு. காட்டினா இப்பவே அனுப்பறேன்."

என்னால் காட்ட முடியவில்லை. கால் வைப்பதிலிருந்து கோடு போடுவதுவரை எல்லாம் எழுதிய நான் அந்த வழக்கத்தை எழுதவில்லை. புத்தகத்தில் இல்லாததை நோட்டில் சேர்க்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. அது போக, பெண் கொடுக்கிற மாதிரி நடந்ததை யாராவது விதியாக எழுதுவார்களா? நீ என்னை நன்றாக அறிந்தவன். எந்த இடத்தில் குத்தினால் நான் வாயடைத்துப் போவேன் என்று உனக்குத் தெரியும். அங்கேதான் குத்தினாய். அன்று வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது உன்மேல் வந்த அருவருப்பு இன்றும் குறையவில்லை.

முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் நீ சொன்ன மாதிரியே மூன்று மடங்கு வந்தது. மறுக்கவில்லை. பாதி ஆட்டத்துக்குள் சத்தம் அடங்கிவிட்டது. செல்வராஜ் விரல் நுனியில் பந்தைச் சுழற்றினான். கோ ஆங் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தான். எதிரணிப் பையன்களே அவர்களுக்குக் கை தட்டினார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. எதிரில் நிற்கிறவன் உனக்குக் கை தட்டத் தொடங்கிவிட்டால் அது ஆட்டமா? நீ கோட்டோரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனிக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாய். சீ.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் கியாக்தானோடு ஆட்டம். ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள், மாற்றாள் இல்லை. ஒருவனுக்குக் கால் சுளுக்கி, நான்கு பேர் ஆனார்கள். நம் பக்கம் அப்போதும் மூன்று பேரும் வெளியே வரவில்லை, கம்பெனி முதலாளி பார்க்கிறார் என்று நீ வரவிடவில்லை. ஒரு கட்டத்தில் கோ தெயின் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். "ஊலே, போதும். நீங்க ஊதி முடிச்சிடுங்களேன்" என்றார். நேரம் முடியாமல் ஆட்டத்தை நிறுத்த நடுவருக்கு விதியில்லை. முடியாது என்று தலையை அசைத்தேன். பதினோரு நிமிடம் மிச்சம் இருந்தது. பதினோரு நிமிடமும் ஆட வைத்தேன். நான்கு பேர் ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். பிறகு பஸ் ஏறிப் போனார்கள். திரும்பி வரவேயில்லை.

அடுத்த வருடம் இரண்டு அணிகள் பேர் கொடுத்தன. அதற்கடுத்த வருடம் கிடங்குத் தரையில் லாரி நிறுத்தினார்கள். கம்பெனிக்கு அலுத்துவிட்டது. உன் மூன்று கெட்டிக்காரர்களும் ஆட ஆளில்லாமல் தொந்தி போட்டார்கள். செல்வராஜ் இப்போது பஸ் ஓட்டுகிறான், என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறான்.

போன வருடம் நீ பட்டறைக்கு வந்தாய். இளைத்திருந்தாய், சட்டை உன் அளவு இல்லை. நானே தேநீர் வரவழைத்தேன். கியாக்தான்காரர்களுக்குச் செய்தது தப்பு என்று சொல்லத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினாய். பிறகு, "மெஷின் பெல்ட் ஒன்னு கிடைக்குமாடா?" என்று கேட்டாய். கொடுத்தேன். தெருமுனை திரும்பும்வரை உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் உன்னைப் பாடையில்தான் பார்த்தேன்.

போன மாதம் நம் தெருத் தேநீர்க் கடை டிவியில் ஒரே ஆரவாரம். அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடுகிற மிகப் பெரிய ஆட்டக்காரர்கள் மூன்று பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே அணியில் சேர்ந்துவிட்டார்களாம். எங்கள் வாலிபர்கள் மேசையைத் தட்டினார்கள். ஒருவன் எனக்கு விளக்கினான்: அங்கே புதிதாக வருகிற ஆட்டக்காரர்களைப் பொறுக்குவதில் தோற்ற அணிகளுக்குத்தான் முன்னுரிமையாம், எல்லா அணியும் சமமாக நிற்க வேண்டுமாம். நம் வழக்கம்தான்! கடல் தாண்டியும் யாருக்கோ அதே யோசனை வந்திருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்க உன்னைப் போன்ற ஒருவனும் அங்கே இருந்திருக்கிறான். "கூட்டாளிங்க சேந்து ஆடினா என்ன தப்பு, ஊலே?" என்று அந்தப் பையன் கேட்டான். செல்வராஜிடம் கேட்டதையே அவனிடமும் கேட்டேன். அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

உன் நல்ல யோசனையும் என்னிடம் இருக்கிறது, உன் துரோகமும் என்னிடம் இருக்கிறது. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க நான் தயாரில்லை. பனியனைத் திருப்பிக் கொடுத்தபோது உன் மகன் கேட்டான், "அப்ப என்னதான் செய்யணும் பெரியப்பா?" அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

உன் மகன் அந்தப் பொறுக்கியெடுத்த அணியைக் கலைக்க வேண்டும். யார் எந்தப் பேட்டையோ அங்கே திரும்பிப் போக வேண்டும். உன் பேரில் கோப்பை இருக்கட்டும், அணி வேண்டாம்.

கம்பெனிக்காரர்கள் சம்பளம் கொடுப்பதானால் எல்லா அணிக்கும் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் பார்வையாளர்களோடு சுவரில் உட்கார வேண்டும்.

செல்வராஜ் ஒரு ஞாயிறு லீவு போட வேண்டும். கியாக்தானில் அவன் யாருக்காகப் போயிருக்க வேண்டுமோ அவர்கள் பாதிப் பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவன் போய் நிற்க வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

நான் நோட்டில் அந்த வழக்கத்தை எழுத வேண்டும். உன் யோசனை என்றும் எழுத வேண்டும், பிடிக்காவிட்டாலும். பிறகு கோ தெயினிடம் போய், அன்று விசில் என் வாயில்தான் இருந்தது, ஊதியிருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவர் வரச் சம்மதித்தால்தான் நான் நடுவராக நிற்பேன்.

கோ தெயின் ஒன்றும் செய்ய வேண்டாம். பழைய பாக்கியாக ஒரு ஆட்டக்காரனை அவர் விரல் நீட்டிக் காட்டினால் போதும். அது உன் மகனாகவே இருந்தாலும், போக வேண்டும்.