ஜெயபாரதி பெயரில் உள்ளே போனவர்

சேசு மரி சூசை

சாந்தோம், சென்னை-4
ஆகஸ்டு 1977

அன்பு மகன் ஹென்றிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் அப்பாவும் ஆலிசும் சுகமாயிருக்கிறோம், அங்கே நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று ஜெபமாலையில் ஒரு பத்து உனக்கென்றே சொல்லிக்கொண்டு வருகிறேன். டொராண்டோவில் இப்போது வெயில் என்று எழுதியிருந்தாய், அனுபவித்துக்கொள், பனி வந்தால் அந்தக் கம்பளிக் குல்லாயை வெட்கப்படாமல் போடு. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மாதாவுக்கு நேர்ந்துகொண்ட நடையை மட்டும் விடமாட்டேன் என்கிறார். ஆலிசுக்கு ஆசிரியர் பயிற்சி முடிந்துவிட்டது, அவள் படித்த பள்ளிக்கூடத்திலேயே சின்ன வகுப்புகளுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், சிஸ்டர்மாருக்கு அவள்மேல் பிரியம். குழாயில் தண்ணீர் வருவதும் வராததும் கார்ப்பரேஷன்காரர்கள் இஷ்டம். இத்தனை நாளாக ஏன் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். ராசா, பேனாவை எடுத்தால் ஆபீசில் நடந்ததுதான் முதலில் வந்து நிற்கிறது, நினைத்தாலே குமட்டுகிறது, அந்தக் குமட்டலோடு உனக்கு எழுத வேண்டாமென்று தள்ளிப்போட்டேன். இப்போதும் போகவில்லை, அதனால் எழுதியே விடுகிறேன்.

எங்கள் தேனாம்பேட்டை ஆபீசில் கம்ப்யூட்டர் மிஷின் வந்திருக்கிறது, நான்தான் அதில் டைப் அடிக்கிறேன் என்று போன வருஷமே எழுதியிருந்தேன். உனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அப்பாவும் இதைப் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார், அவருக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது தந்தி ஆபீசில் இருப்பதுபோல ஒரு டெலிபிரிண்டர் மட்டும்தான். நிஜமான கம்ப்யூட்டர் அடையாறு பக்கம் ஒரு பெரிய நிறுவனத்தில் குளிர் அறைக்குள் இருக்கிறது, டெலிபோன் கம்பி வழியாக இங்கே தட்டுவது அங்கே போய்க் கணக்காகி விடையும் இங்கேயே வந்து அச்சாகும். கட்டடத்துக்கு எங்கே எத்தனை கம்பி, எவ்வளவு கனம் என்பதெல்லாம் அப்படித்தான் போடுகிறோம். யார் வேண்டுமானாலும் புகுந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு இன்ஜினியருக்கும் ஒரு பெயரும் ஒரு ரகசிய வார்த்தையும் கொடுத்திருந்தார்கள். அந்த வார்த்தையை அடிக்கும்போது காகிதத்தில் எழுத்துக்கூட விழாது, பக்கத்தில் நிற்பவன் பார்த்துவிடக் கூடாதென்று அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள். எங்கள் மேனேஜர் ராஜரத்தினம் என்ன செய்தார் தெரியுமா, எல்லோருடைய வார்த்தையையும் வாங்கி ஒரு அட்டையில் எழுதி அந்த மிஷினின் பக்கத்திலேயே ஒட்டச் சொன்னார். லீவில் போகிறவர்கள் வார்த்தையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் வேலை நின்றுவிடுமாம், இது ஒரே குடும்பமாம், குடும்பத்துக்குள் என்ன ரகசியம் என்றார்.

ஜெயபாரதி என்று ஒரு பெண், எங்கள் ஆபீசில் முதல் பெண் இன்ஜினியர், அசோக் நகரில் வீடு, அப்பாவுக்கு தி.நகரில் பாத்திரக்கடை. அவளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அடையாறுக்குப் போன் செய்து தன் வார்த்தையை மாற்றிக்கொண்டாள். அது தெரிந்ததும் ராஜரத்தினம் ஹாலில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கத்தி, புது வார்த்தையை அவள் வாயாலேயே சொல்ல வைத்து, அட்டையில் தன் கையாலேயே எழுதினார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு நான் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை, அதிகாரத்தைக் காட்டுகிறார் என்று விட்டுவிட்டேன்.

ஆலிஸ் வேலை செய்யும் அதே பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு மண்டபம் கட்டுகிறார்கள், கணக்கு எங்கள் ஆபீசில்தான் போட்டது, போட்டது ஜெயபாரதி. கீழே மேடையும் நாற்காலிகளும், மேலே மூன்று பக்கமும் மாடம் வைத்துச் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கும்படி அமைப்பு. போன மாதம் அவள் வேலை நடக்கும் இடத்தைப் பார்க்கப் போனவள் மாடத்துக்குக் கட்டியிருந்த கம்பிகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாளாம், ஒன்றுக்கொன்று அவ்வளவு தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். கேட்டால் மேஸ்திரி உங்கள் ஆபீஸ் கொடுத்த படம்தான் அம்மா என்று விரித்துக் காட்டினார். ஓடி வந்து மிஷினில் போட்டுப் பார்த்தால், பிள்ளைகள் நெருக்கி உட்காரும் பாரம் என்று அவள் கொடுத்திருந்த இடத்தில் யாரும் ஏறாத மொட்டைக் கூரையின் பாரம் இருக்கிறது. யாரோ உள்ளே போய் மாற்றியிருக்கிறார்கள், அவளுடைய பெயரில். கான்கிரீட் போட நாள் குறித்தாகிவிட்டது. அந்த மாடத்தில் நம் ஆலிஸ் தன் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருவதை நினைத்துப் பார்.

நல்ல வேளை கண்டுபிடித்தாய் அம்மா என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். ராஜரத்தினம் அவளையே பிடித்துக்கொண்டார். "உன் பேரு, உன் வார்த்தை. வேற யாரு வந்து அடிச்சது, பிசாசா?" என்று கேட்டார். அட்டையில் எல்லோருடைய வார்த்தையும் இருக்கிறதே என்று அவள் கையை நீட்டினால் அட்டை அங்கே இல்லை, காலையிலேயே கிழித்தாகிவிட்டது. விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் மாணிக்கவாசகம், படம் வரைகிறவர், நெற்றி நிறையத் திருநீறு, நாலு பேர் மதிக்கும் மனிதர், அவர் என்னை மாடிப்படியில் நிறுத்தி மெதுவாகச் சொன்னார், முன்னே ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் ராஜரத்தினம் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு மிஷினில் உட்கார்ந்ததை என் பலகையிலிருந்து பார்த்தேன், பள்ளிக்கூட வேலையை எடுத்திருக்கும் காண்டிராக்டரும் கூட நின்றான், கம்பி குறைந்தால் அவனுக்குத்தானே லாபம் என்று. அப்படியானால் முதலாளியிடம் சொல்லுங்கள் என்றேன். "நமக்கு எதுக்கும்மா? நான் சொன்னேன்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார். ஹென்றி, ராஜரத்தினத்தின்மேல் எனக்கு வந்தது கோபம். இந்த மனிதர்மேல் வந்ததுதான் அருவருப்பு. மறுநாளும் வந்து அதே பலகையில் உட்கார்ந்து அதே மண்டபத்தின் வாசல் வளைவை அழகாக வரைந்துகொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கடையை விட்டு வந்து உட்கார்ந்திருந்தார், தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடு, பேர் கெட்டால் நாளைக்கு எவன் கட்டுவான் என்று அவளையே அரித்துக்கொண்டிருக்கிறார். அவள் என்னைப் பார்த்து, "நான் அடிக்கலைன்னு நீங்களாவது நம்புறீங்களாம்மா?" என்றாள். நம்புகிறேன் என்றேன். நம் அப்பாவும் மறுநாள் இதில் தலையிடாதே கிளாடிஸ் என்றுதான் சொன்னார், இந்த இடத்தைப் படிக்கும்போது முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். இதற்கிடையில் ராஜரத்தினம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஜெயபாரதி அன்றைக்கு மிஷினில் இருந்ததை நீங்கள் பார்த்ததாக ஒரு வரி டைப் அடித்துக் கொடுங்கள் என்று தேன் ஒழுகக் கேட்டார். நான் பார்க்கவில்லை சார் என்று எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணை முதலாளி கனகராஜின் அறையில் நடந்தது. நான் சுருக்கெழுத்து எடுக்க ஓரத்தில் இருந்தேன். ஜெயபாரதி எதிரே நாற்காலியில் கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராஜரத்தினம், இவள் எப்போதுமே கவனமில்லாதவள், வேறு கணக்குகளிலும் தப்பு இருக்கும், மிஷினில் போட்டு எடுத்து வந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் முதலாளி மேசையில் போன் அடித்தது, என்னை எடுக்கச் சொன்னார். அடையாறிலிருந்து ஷரீஃப், அங்கே கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிற பையன், அவன் குரல் எனக்குத் தெரியும். "அம்மா, ஜெயபாரதி மேடம் பேரை மூடிடுங்கன்னு உங்க ஆபீஸ்லேர்ந்து சொன்னாங்களே, மூடலாம்னு பார்த்தா அவங்க உள்ளே வேலை பண்ணிக்கினு கீறாங்க. நடுவுல அறுத்தா கணக்கு போயிடும். முடிச்சிட்டு வெளியே வரச் சொல்றீங்களா?" என்றான். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பிறகு ரிசீவரைக் கையில் பிடித்தபடியே முதலாளியிடம் சத்தமாகச் சொன்னேன், ஜெயபாரதி இப்போது மிஷினில் வேலை செய்துகொண்டிருக்கிறாளாம் சார், சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார்கள் என்று. அவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் எழுந்து நின்று, "நான் இங்கதான் இருக்கேன் சார்" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள்.

முதலாளி எழுந்து மிஷின் அறைக்குப் போய்க் கதவைத் தள்ளினார், நாங்கள் பின்னால். ராஜரத்தினம் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறார். என்ன அடித்தார் தெரியுமா, ராஜா அண்ணாமலைபுரத்தில் கட்டப்போகும் ஒரு வீட்டின் கணக்கு, அதுவும் ஜெயபாரதி போட்டதுதான், அதிலும் எண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தார், இவள் எங்கேயும் தப்புத்தான் செய்வாள் என்று காட்டுவதற்கு. ஒரு பெண்ணின் பெயரைத் துணிபோல எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய் அவளுக்கே குழி வெட்டுகிறான். சீ. எழுதும்போதே கை கூசுகிறது.

இத்தோடு தீர்ந்தது என்று நினைக்காதே. ராஜரத்தினம் முதலாளி மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் பேசினார்கள், வெளியே வந்தபோது முதலாளி முகம் வழக்கம்போல இருந்தது. என்னையும் ஜெயபாரதியையும் கூப்பிட்டுக் காபி வரவழைத்தார். நடந்தது நடந்துவிட்டது, நாளையிலிருந்து நீ வேலைக்கு வா, வீட்டு விஷயம் வீட்டுக்குள் இருக்கட்டும் என்றார். என்னிடம் சுருக்கெழுத்துப் பக்கத்தைக் கேட்டார், கிழித்துக் கொடுத்தேன், காகிதத்தில் இருந்தால்தான் எனக்கு ஞாபகம் இருக்குமா என்ன. பள்ளிக்கூடத்து வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டீர்களா சார் என்று கேட்டேன். அதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தக் காபியை என்னால் தொட முடியவில்லை. ஜெயபாரதியும் தொடவில்லை. அவள், என் பெயரில் செய்ததை அவர் செய்தார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், அவருடைய பெயரை மிஷினிலிருந்து எடுங்கள், அப்புறம் வருகிறேன் என்றாள். அதெல்லாம் எதற்கு என்றார் முதலாளி. அவள் வணக்கம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள், திரும்பி வரவில்லை.

எனக்கு அந்தச் சத்தமில்லாமல் என்ற வார்த்தையில் நம்பிக்கையில்லை. மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமைச் சிஸ்டரிடம், மாடத்துக் கணக்கை வெளியாள் ஒருவரைக் கொண்டு பார்க்காமல் கான்கிரீட் போட விடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் அன்றே வேலையை நிறுத்தி வேறொரு இன்ஜினியரை அழைத்தார்கள், அவர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். கம்பியெல்லாம் பிரித்து நெருக்கமாகக் கட்டிய பிறகுதான் கான்கிரீட் போட்டார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆபீசில் யார் சொன்னது என்று முதலாளி கேட்டார், நான்தான் சார் என்றேன். வேலையை விட்டு எடுக்கவில்லை, சிஸ்டர்மார் பேசுவார்கள் என்ற பயம். மிஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள், இப்போது வாசல் பக்கம் பழைய டைப்ரைட்டரில் இருக்கிறேன். ராஜரத்தினத்தைக் கோயமுத்தூர் வேலைக்கு அனுப்பினார்கள், மாலை போட்டு வழியனுப்பினார்கள், மாணிக்கவாசகம்தான் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் புது வார்த்தை வந்திருக்கிறது, அதை ஹாலின் இந்த மூலையிலிருந்து ஒருவர் கத்திக் கேட்கிறார், அந்த மூலையிலிருந்து இன்னொருவர் கத்திச் சொல்கிறார், தெருவில் போகிறவனுக்கும் கேட்கும். இவர்களுக்கு அந்தப் பெண் போனது வீண். ஜெயபாரதிக்கு அடையாறில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, அவள் அப்பா முனகிக்கொண்டே சம்மதித்தாராம், ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து சொல்லிவிட்டு ஆலிசோடு கடற்கரைக்குப் போனாள், பார்க்க ஆறுதலாக இருந்தது.

இப்போது உன் விஷயம். உன் போன கடிதத்தில், கூடத் தங்கியிருக்கும் பையனுக்கு அவசரமென்று உன் பெயரையும் வார்த்தையையும் கொடுத்து உங்கள் யூனிவர்சிட்டி கம்ப்யூட்டரில் வேலை செய்ய விட்டேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய், அன்றைக்கு நானும் நல்ல பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பையன் தங்கமாகவே இருக்கலாம், நான் அவனைக் குறை சொல்லவில்லை. அவனிடமிருந்து இன்னொருவன் கேட்டால், அவனிடமிருந்து வேறொருவன் கேட்டால், கடைசியில் உட்கார்ந்து தட்டுகிறவன் யார் என்று உனக்குத் தெரியுமா. அங்கே தப்பு நடந்தால் மிஷின் உன் பெயரைத்தான் சொல்லும், அத்தனை தூரத்தில் உனக்காகப் போனை எடுத்துச் சத்தமாகச் சொல்ல யார் இருக்கிறார்கள். அவனுக்கு வேலை ஆக வேண்டுமென்றால் அவன் பெயரில் அவனே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், நீ கூடப் போய் வாங்கிக் கொடு, அதுதான் உதவி. அவன் மனம் கோணினால் கோணட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, அவர் கேட்கமாட்டார் ஆனால் தபால்காரன் வரும்போது வாசலில்தான் நிற்கிறார். சாந்தோம் மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும், ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் ஆசீர்வதிக்கட்டும். இது கிடைத்த அன்றே உன் வார்த்தையை மாற்று. மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி போடு, போதும். என்ன வார்த்தை என்று எனக்கும் எழுதாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா கிளாடிஸ் லியோனார்ட்