இரு விடைத்தாள்களிலும் ஒரே பிழைகள் இருப்பதற்கான காரணம்

அனுப்புநர்:
சலவைப் பிரிவு ஊழியர்,
இஸ்திரி மேசை எண் 3, தரைத்தளம்.

பெறுநர்:
உயர்திரு பணியாளர் அலுவலர் அவர்கள்,
மருத்துவமனை, மூன்றாம் தளம்.

பொருள்: வார்டு உதவியாளர் தேர்வின் ஆங்கிலத் தாளில் என் மனைவி பார்த்து எழுதியதாகச் சுமத்தப்பட்ட குற்றத்தை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி ஐந்தாம் வார்டின் துப்புரவுப் பணியாளர். மேற்படி தேர்வை நான் தரைத்தளத்திலும் அவர் இரண்டாம் தளத்திலும் எழுதினோம். இருவர் தாளிலும் அதே ஒன்பது பிழைகள் இருந்ததால் இருவரையும் தேர்வுப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டீர்கள்.

2. ஒன்பதும் என்னுடையவை. மாலை ஐந்து முதல் ஆறு வரையிலான ஆங்கில வகுப்பு அவருடைய பணி நேரத்தில் நடந்தது. ஆகவே நான் போய்க் கேட்டுவிட்டு, மறுநாள் காலை அவர் வெங்காயம் நறுக்கும்போது பாடம் நடத்தினேன். கடைசி வரிசையில் பாதிதான் காதில் விழும். மீதியைச் சொந்த மூளையால் நிரப்பினேன்.

3. டாக்டர் வந்தான் என்று நாம் சொல்வதில்லை, வந்தார் என்கிறோம். ஆங்கிலத்துக்கும் மரியாதை தெரியும் என்றெண்ணி, பெரியவர்களுக்கு 'தி'யும் 'ஆர்'உம், நம்மைப் போன்றவர்களுக்கு 'ஏ'யும் 'இஸ்'உம் என்று கற்பித்தேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, "பெருக்குறவங்களுக்கு 'தி' போடவே கூடாதா?" என்று கேட்டார். கூடவே கூடாது என்று அடித்துச் சொன்னேன்.

4. எனக்குப் பதவி உயர்வு இல்லை என்பது நியாயமே. அவரோ, தலையணை உறைக்குள் கிடந்த மோதிரத்தை, உரியவரைத் தேடிப்போய்க் கொடுத்தவர். திருட்டுத்தனம் என்ற சொல் காதில் விழுந்த நாள் முதல் சரியாகச் சாப்பிடவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

5. விசாரணையன்று இரு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்தீர்கள். அவருடைய நான்காம், பதினோராம் விடைகளை அருள்கூர்ந்து மறுபடி பாருங்கள். தலைமை டாக்டருக்கு 'இஸ்' என்றும், முன் வாக்கியத்தில் வந்த அதே துப்புரவாளருக்கு 'தி' என்றும் முதலில் எழுதியிருக்கிறார். இரண்டும் சரி என்று ஆங்கில வகுப்பு ஆசிரியை நேற்றுச் சொன்னார். பிறகு அவற்றை அடித்துவிட்டு, நான் சொன்னபடி மாற்றியிருக்கிறார். அவர் யாரையும் பார்த்து எழுதவில்லை, ஐயா. என்னை நம்பி எழுதினார்.

6. எனவே அவர் மீதான குற்றத்தை நீக்கி, அவருக்கு மட்டும் மறுதேர்வு அளிக்குமாறு பணிந்து வேண்டுகிறேன். என் பணி நான்கு மணிக்கு முடிகிறது. ஐந்தாம் வார்டை ஐந்து முதல் ஆறு வரை நான் பெருக்கித் துடைக்கிறேன். இந்த முறை வகுப்புக்கு அவர் போகட்டும்.

நாள்: தேர்வு முடிந்த பதினோராம் நாள்
இடம்: சலவை அறை

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஐந்தாம் வார்டுத் துப்புரவுப் பணியாளரின் கணவர்