கேட்காரர் கண்ணுக்குப் பரீட்சை

தோல் ஷாப்பு கேட்,
ஆம்பூர் பக்கம்.
பரிதாபி வருஷம், புரட்டாசி 12.

சிரஞ்சீவி மைத்துனன் ராமலிங்கத்துக்கு, கோதண்டபாணி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அக்காள் ஜெயம்மாளும் க்ஷேமம். ஜங்ஷனில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. நான் சொல்லச் சொல்ல இதை உன் அக்காள் எழுதுகிறாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை போனவள் கையெழுத்து, கோழி கிளறினது போலத்தான் இருக்கும். பொறுத்துப் படித்துக்கொள்.

நம் சின்ன ரயில் கம்பெனியைப் பெரிய கம்பெனி சேர்த்துக்கொண்டு எட்டு மாசம் ஆகிறது. தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு ஆவாரம் பட்டையும் பச்சைத் தோலும் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டி வேகத்தில் போய் வந்த லைன் இது. இப்போது பெரிய எஞ்சினைப் பூட்டி எங்கேயும் நிற்காமல் ஓட்டுகிறார்கள். நாளுக்கு இரண்டு வண்டி வந்த இடத்தில் ஆறு வண்டி வருகிறது. பழைய டிரைவர் சர்தார் பாஷாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் சுண்ணாம்புக் காளவாய் கிட்டே வரும்போதே மூன்று தரம் ஊதுவார். நான் ஆற அமர கேட்டை மூடிக் கொடியோடு நிற்பேன். புதிதாக வந்தவர்கள் தலைக்கு மேல் வந்த பிறகு ஒரு தரம் ஊதுகிறார்கள். பெரிய பேஜாராக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி பத்தாம் தேதி கம்பெனி டாக்டர் வந்து எல்லா கேட்காரர் கண்ணையும் சோதிக்கப் போகிறாராம். கறுப்புப் புள்ளி போட்ட அட்டைகளை எட்ட நின்று ஒவ்வொன்றாகக் காட்டுவாராம், எத்தனை புள்ளி என்று சொல்ல வேண்டுமாம். தவறினால் ஒரு மாசத்தில் வேலையும் இல்லை, வீடும் இல்லை. நீ அந்த டாக்டர் ஆபீசிலேயே குமாஸ்தா. எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை, எதில் எத்தனை புள்ளி என்று ஒரு கடிதாசியில் குறித்து அனுப்பிவிடு. என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் புகை மாதிரி, அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் இந்தக் கேட்டில் ஒரு கோழி அடிபட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை இங்கே ஏதோ நடந்ததாக யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே, சும்மா சலசலப்பு.

தம்பி, இதுவரை உன் மாமா சொன்னது. இனிமேல் நான் எழுதுவது. அவர் பக்கத்திலேதான் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஊர் சமாசாரம் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

புகை மாதிரி இல்லை, தம்பி. இரண்டு வருஷமாக அவருக்கு எதிரே நிற்கிற ஆளே தெரியவில்லை. குரலை வைத்துத்தான் ஆள் யார் என்று சொல்கிறார். சிவப்புக் கொடி ஓரத்தில் புளியங்கொட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தவள் நான்தான். விரலால் தடவிப் பார்த்து எடுத்துக்கொள்வார். வண்டி வரும் நேரத்துக்கு நான் துணி துவைக்கிற மாதிரி வெளியே நின்று, பாதையில் யாரும் இல்லை என்று மெதுவாகச் சொல்லுவேன். அவர் பச்சையைக் காட்டுவார். சர்தார் பாஷா வேலையில் இருந்து மூன்று தரம் ஊதின வரைக்கும் இது ஓடியது. பெரிய புத்திசாலி வேலை செய்துவிட்டதாக நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வழக்கமான நேரத்தில் இல்லாத ஒரு ரயில் வந்தது. நான் கொல்லையில் இருந்தேன். தோல் ஷாப்பு வண்டிக்காரர் அஹமது பாஷா ஈரத்தோல் ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது சக்கரம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. பட்டை இடிக்கப் போகிற பெண்கள் மூன்று பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். அதற்குள் எஞ்சின் ஊதிவிட்டது. உன் மாமா, போய்ட்டியா பாஷா என்று கேட்டாராம். பாஷா சக்கரத்துக்கு அடியில் தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தார், அவர் காதில் விழவில்லை. பதில் வராததால் பாஷாவின் மாட்டு வண்டி தாண்டிப் போய்விட்டது என்று நினைத்து உன் மாமா பச்சைக் கொடியை நீட்டிவிட்டார்.

நான் ஓடிவந்து அவர் கக்கத்தில் இருந்த சிவப்பை உருவிக்கொண்டு தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றேன். எஞ்சின் நின்றபோது அதன் அனல் என் முகத்தில் அடித்தது. அந்த மூன்று பெண்களில் கடைசிப் பெண்ணுக்கு இது ஏழாவது மாசம். டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினான். உன் மாமா பச்சைக் கொடியை நீட்டியபடியே நின்றுகொண்டு, ஏன் வண்டியை நிறுத்தினாய் என்று அவனையே கேட்டார். அது என் காதை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரயில் சத்தம் கேட்டாலே போட்டது போட்டபடி கேட்டுக்கு ஓடுகிறேன். வீடு போய்விடுமே என்று பயமாகத்தான் இருக்கிறது. எங்கே போவோம் என்று தெரியவில்லை. நான் பட்டை இடிக்கப் போய் அவருக்குக் கஞ்சி ஊற்றுவேன். ஆனால் அவர் இந்தப் பரீட்சையில் தேறிவிடுவாரோ என்கிற பயம்தான் எனக்கு ஜாஸ்தி.

அதனால் கேட்கிறேன். அவர் கேட்டபடி அட்டைக் கணக்கை அனுப்பு, தப்பாக அனுப்பு. நீ சரியாகவே அனுப்பி, படிக்கும்போது நான் மாற்றிச் சொல்லலாம் என்றும் பார்த்தேன். அவர் என் வாயையே நம்பி உட்கார்ந்திருக்கும்போது என்னால் அது முடியாது. நீ எழுதியிருப்பதை அப்படியே படிப்பேன். அவர் இராத்திரி பகலாக மனப்பாடம் பண்ணுவார். அதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். என்றைக்காவது அவருக்குத் தெரிந்தால் பழி என்னுடையது, உன் பேரை எடுக்க மாட்டேன். கூடப் பிறந்தவள் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்.

இவ்வளவு நேரம் என்னடி எழுதுகிறாய் என்று கேட்கிறார். தம்பிக்கு ஆசீர்வாதம் எழுதுகிறேன் என்றேன். அப்படியானால், நமக்கு ஒத்தாசை செய்கிற பிள்ளை அவன், என் ஆசீர்வாதத்தையும் இன்னொரு தரம் சேர்த்து எழுது என்கிறார். எழுதிவிட்டேன்.

உன் அக்காள்,
ஜெயம்மாள்