வல்தோராவின் சாவி

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
18 ஒக்ரோபர் 2025

பெருமதிப்புக்குரிய சிவநேசம் அண்ணா அவர்களுக்கு,

தங்கள் சித்தப்பா மகள் தவமலர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாடு திரும்பியதும் எழுதுவேன் என்று சரகோசாவில் தங்கள் வீட்டு வாசலில் நின்று கூறியிருந்தேன். நான்கு வாரங்கள் எழுதாமல் இருந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். தாமதத்துக்குக் காரணம் வேலை அல்ல. அதைக் கீழே எழுதியுள்ளேன். இறுதிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தாங்கள் அதை உரக்கப் போட்டு, தங்கள் சாப்பாட்டுக்கடைக் குசினியில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்கக் கதைப்பீர்கள்.

இங்கு நானும் தங்கள் மைத்துனர் யோகேந்திரனும் நலம். அவருக்கு மலை ஏறி இறங்கிய முழங்கால் வலி இன்னும் தீரவில்லை. மகள் நிருஷா வேலை மாறியிருக்கிறாள்.

முதலில் என் மனக்குறையை எழுதிவிடுகிறேன். அதை எழுதாமல் மற்றதை எழுத என்னால் இயலாது.

ஸ்பெயினின் மலைக் கிராமங்களைப் பார்க்க வேண்டும் என்பது எனது நீண்டநாள் விருப்பம். பத்தாம் வகுப்புடன் படிப்பை இடம்பெயர்வுக்குக் கொடுத்தவள் நான். ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஸ்பானிஷும் அப்படியே. புவாண்ட்-கிளேர் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போய்வரும் பேருந்தில், நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம், மூன்று குளிர்காலம், நூலகத்து இலக்கண நூலை மடியில் வைத்துப் படித்தேன். பொதிகளில் ஒட்டும் தாள்களில் நான் வினைச்சொற்கள் எழுதி வைத்ததை மேற்பார்வையாளர் பேனாட் கண்டுபிடித்து, ஒரு பொதி வினைச்சொற்களோடு ஒட்டாவாவுக்குப் போய்விட்டது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிச் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று மேலும் படித்தேன். வல்தோரா தேவாலயத்தைப் பற்றியும் அந்தப் பேருந்தில்தான் வாசித்தேன். வருடத்தின் பன்னிரண்டு மாதங்களையும் பன்னிரண்டு வேலைகளாக அதன் வளைவில் தீட்டி வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது.

இவ்வளவும் அறிந்திருந்தும் தாங்கள் ஒழுங்குசெய்த வார இறுதி எப்படி இருந்தது? இரண்டு நாளில் ஐந்து கிராமங்கள். முதற் கிராமத்தில், புகைக்கூட்டின் உச்சியில் ஏன் கல்லை நிமிர்த்தி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு முதியவரிடம் கேட்டேன். அவர் வாய் திறக்க முன் தாங்கள் ஹோர்ன் அடித்தீர்கள். இரண்டாவதில், ஊர்ப் பெண்கள் கூடித் துணி தோய்த்த கற்தொட்டியைப் பார்க்க இறங்கியவளை, "எங்கட கிணத்தடி மாதிரித்தான், ஏறும் பிள்ளை" என்று திருப்பி ஏற்றினீர்கள். நிலைக்கல்லில் வருடம் செதுக்கிய வீடுகளைத் தாங்கள் பார்த்தது கைத்தொலைபேசிக்குள்ளால் மட்டுமே. சாப்பாட்டு நேரங்கள் மாத்திரம் ஒன்றும் பிசகவில்லை. நான் யாரிடமாவது வாய் திறந்தால், "உம்மட ஸ்பானிஷ் அரண்மனை ஸ்பானிஷ், இது ஆடு மேய்ச்ச சனம்" என்றீர்கள்.

வல்தோராவில் தேவாலயம் பூட்டியிருந்தது. பாதிரியார் ஊரில் இல்லாத அவ்விடங்களில் சாவி ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும். பார்க்க வந்தவர் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். அங்கே அது இமெல்டா அம்மையாரின் வீடு என்றும், அவருடைய தாயார் காலத்திலிருந்து சாவி அங்கேதான் என்றும் கோப்பிக்கடைக்காரர் தங்களுக்குச் சொன்னார். தாங்கள் கேட்கப் புறப்பட்டபோது நான்தான் தடுத்தேன். "சரி, பண்டிதர் போகட்டும்" என்றீர்கள். யோகேந்திரனும் சேர்ந்து சிரித்தார். நான் தனியே படியேறிப் போய்ச் சாவியுடன் திரும்பினேன்.

உள்ளே எனக்குக் கிடைத்தது பதினேழு நிமிடங்கள். டிசம்பர் மாதத்துக்கு உரிய மனிதன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நெருப்புக்கு உள்ளங்காலைக் காட்டிக் குளிர்காய்கிறான். எண்ணூறு வருடமாகக் குளிர்காய்கிறான். அவனிடம் நான் வந்து சேர்ந்தபோது, அடுத்த ஊரில் ஆட்டிறைச்சி முடிந்துவிடும் என்று தாங்கள் வாசலில் நின்று கூப்பிட்டீர்கள்.

கதவைப் பூட்டியதும், சாவியை என்ன செய்வது, என்னவாம் மனுசி, என்று கேட்டீர்கள். அவசரமில்லை, ஆறுதலாகத் தந்தால் போதுமாம் என்றேன். "அப்ப நாளைக்கு இறங்கேக்க குடுப்பம்" என்றீர்கள். மறுநாள் வேறு பாதையால் இறங்கினோம். நான் காருக்குள் சாவியை நினைவூட்டினேன். "தபாலில போடலாம், என்ன அவசரம்" என்றீர்கள்.

செவ்வாய்க்கிழமை, நாங்கள் மொன்றியல் வந்து சேர்ந்த மறுநாள், தங்கள் அழைப்பு வந்தது. கோப்பிக்கடைக்காரர், தாங்கள் கொடுத்துவந்த கடை அட்டையைத் தேடியெடுத்து விசாரித்திருக்கிறார். மாதத்தில் ஒருமுறை வரும் பாதிரியார், நாங்கள் சாவி வாங்கிய அந்தச் சனிக்கிழமைதான் ஐந்து மணிப் பூசைக்கு மேலே வந்தாராம். ஊரில் ஒருவருடைய முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. கதவு பூட்டியிருந்ததால் இருபத்தாறு பேர் காற்றில் தெருவில் நின்றார்களாம். இறந்தவரின் மனைவிக்குக் கோப்பிக்கடைக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்களாம்.

அன்று தாங்கள் சொன்னதை நான் ஒரு எழுத்தும் மறக்கவில்லை. "மனுசிக்கு வயசு போட்டுது, பிள்ளை. அஞ்சு மணி அஞ்சு மணி எண்டு மூண்டுதரம் சொன்னவவாம், நீர் மூண்டுதரமும் ஓம் எண்டனீராம். நான் விடேல்லை. என்ர தங்கச்சி படிச்சவள், அவளுக்கு விளங்காத ஸ்பானிஷோ, ஆறுதலாத் தந்தாப் போதும் எண்டு உங்கட மனுசிதான் சொன்னவ எண்டு நல்லாக் குடுத்துப்போட்டன்."

அண்ணா, என்னைப் படித்தவள் என்று தங்கள் வாயால் நான் கேட்டது அதுவே முதல் தடவை.

அதற்குப் பிறகு எப்படி எழுதுவேன்? சாவியை உடனே அனுப்புகிறேன் என்று சொன்னேன், அனுப்பவில்லை. இம்மாதம் நான்காம் தேதி எங்கள் பெண்கள் மன்றத்தில், ஸ்பெயினின் மலைக் கிராமங்கள் பற்றி நான் உரையாற்றுவதாக முன்பே ஏற்பாடாகியிருந்தது. வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் சாவியை வைத்தேன். வித்தியா என்று ஒரு பிள்ளை, "அன்ரி, உண்மையான திறப்போ?" என்று கேட்டாள். ஓம், என்னை நம்பித் தந்தவை என்றேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் நிருஷா, "அம்மா, அது அந்த ஊர்ச் சனத்தின்ர சாமான். வெக்கமா இல்லையோ?" என்றாள்.

சென்ற ஞாயிறு தாங்கள் மீண்டும் அழைத்து, விடயம் முடிந்தது, இனிக் கவலை வேண்டாம் என்றீர்கள். நவம்பர் முதலாம் தேதி கல்லறைகளுக்குப் பூ வைக்க நகரங்களிலிருந்து ஊரவர் எல்லோரும் வருவார்கள். மறுநாள் ஞாயிறு, தேவாலய வாசலில் கூட்டம். வயதான மனுசியிடமிருந்து பொறுப்பை எடுத்து, கதவுக்கு இலக்கப் பூட்டுப் போடப் போகிறார்கள் என்றீர்கள். இமெல்டா அம்மையார் இப்போது தேவாலயத்தைக் கூட்டவும் வருவதில்லை, கோப்பிக்கடைப் பக்கமும் வருவதில்லை என்று, ஏதோ காலநிலை சொல்வதுபோலச் சொன்னீர்கள். எனக்குத் தங்கள்மீது அப்படியொரு கோபம் வந்தது. தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்தக் கோபத்துக்கு உரியவர் தாங்கள் அல்ல என்று விளங்கியது.

உண்மையை எழுதுகிறேன். இமெல்டா அம்மையார் கதவைத் திறந்ததும், சாவி கேட்பதற்கென்று நான் மூன்று வாரம் பாடமாக்கிய வாக்கியத்தைப் பிழையின்றிச் சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது. பிறகு அவர் பேசத் தொடங்கினார். அந்த வேகத்தில், அந்த மலைப் பேச்சில், ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஒன்றுகூட இல்லை. நான் தலையாட்டி ஓம் என்றேன். அவர் திரும்பவும் சொன்னார். நான் திரும்பவும் ஓம் என்றேன். மூன்றாம் முறை என் கையைப் பிடித்து, என் மணிக்கூட்டின் கண்ணாடியில் விரலால் தட்டிச் சொன்னார். அது நேரம் பற்றியது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது, அண்ணா. எந்த நேரம் என்றுதான் தெரியவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வார்த்தையும் தெரியும். இலக்கண நூலின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கீழே படியில் தங்கள் காலடி கேட்டது. "என்ன பிள்ளை, விளங்குதோ?" என்று கேட்டுக்கொண்டே ஏறி வந்தீர்கள். சாவியை வாங்கிக்கொண்டு நான் இறங்கிவிட்டேன். ஆறுதலாகத் தந்தால் போதும் என்பது அவர் சொன்னதல்ல. நான் கட்டியது.

திரும்ப அந்தக் கதவைத் தட்டாததற்கும் காரணம் அதுவே. தட்டினால் அவர் மறுபடியும் பேசுவார்; பக்கத்தில் தாங்கள் நிற்பீர்கள்.

இந்தப் பொதிக்குள் சாவி இருக்கிறது. நிருஷா சுற்றித் தந்தாள். கூட ஒரு தாளும் இருக்கிறது. மேலே எழுதிய அனைத்தையும் ஸ்பானிஷில் எழுதியுள்ளேன். சாவியைத் தபாலில் ஊருக்கு அனுப்ப வேண்டாம், கோப்பிக்கடையில் கொடுக்கவும் வேண்டாம். நவம்பர் இரண்டாம் தேதி, கூட்டம் தொடங்க முன், தாங்களே மேலே போய் இமெல்டா அம்மையாரின் கையில் கொடுங்கள். அதன்பின் அந்தத் தாளை எல்லோரும் கேட்க வாசியுங்கள். என் தங்கச்சி படித்தவள் என்று தாங்கள் சொன்னதை அந்த ஊரவர் முன்னிலையிலேயே திருப்பி எடுத்துவிடுங்கள். தங்களுக்கு அது அவமானமாக இருக்கும் என்பதை அறிவேன். என் பொய்யைத் தங்கள் வாயால் சொல்லவைத்தேன். அதற்கும் மன்னிக்க வேண்டும்.

தாளில் உள்ள ஸ்பானிஷில் பிழைகள் இருக்கக்கூடும். அரண்மனை ஸ்பானிஷாகவும் இருக்கக்கூடும். அந்த ஊர்ச் சனத்துக்கு விளங்கும்படி தங்கள் பேனாவால் வெட்டித் திருத்துங்கள். நான் மனம் நோகமாட்டேன்.

கடைக்கு அன்று பூட்டுப் போட வேண்டியிருக்கும், பாதையும் குளிரும், எல்லாம் தெரிந்தே கேட்கிறேன். பொதி கிடைத்ததும், போவீர்களா மாட்டீர்களா என்று மட்டும் உடனே பதில் அறிவியுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் தங்கை
தவமலர் யோகேந்திரன்