அப்பாவின் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை

கோட்டையூர்,
சித்திரை 9

அன்பு மகன் கோபிநாத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. நெதர்லாந்துக் குளிரில் நீயும் மருமகள் சத்தியப்பிரியாவும் பேத்தியும் சுகமாக இருக்கக் கொப்புடையம்மன் துணை இருக்கட்டும். இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், அவருடைய நெஞ்சும் சுகம். இந்தக் கடைசி விஷயத்தை நீதான் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார், உன் குரலைக் கேட்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை. நான் கேட்கப்போவது அவர் காதில் விழக்கூடாது.

நேற்று பஸ் நிறுத்தத்தில் மருதுபாண்டியைப் பார்த்தேன், உன் அப்பாவுக்கு நிகழ்ச்சி பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்டு மருதுபாண்டியைத்தான். "மதினி, அண்ணனுக்கு நெஞ்சு இப்பத் தேவலையா" என்று ரகசியமாகக் கேட்டான். எந்த நெஞ்சு என்றேன். அவன் திருதிருவென்று முழித்தான். பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. மாசி மாதத்தில் நீ போன் போட்டாயாம். அப்பாவுக்கு இதயத்தில் கோளாறு, மேடை ஏறினால் உயிருக்கு ஆபத்து, அவருக்கே இது தெரியாது, தெரிந்தால் பயத்திலேயே போய்விடுவார், அதனால் காரணம் சொல்லாமல் கூப்பிடுவதை நிறுத்திவிடுங்கள் என்றாயாம். அடப்பாவி, பொங்கலுக்கு வந்தபோது நீதானே அவரை மதுரைக்குக் கூட்டிப்போய்ச் சோதித்துப் பார்த்தாய், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே வந்தாயே! பெற்ற தகப்பனுக்கு இல்லாத நோயைச் சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்தது?

காரணம் எனக்குத் தெரியும். காரைக்குடியில் செல்போன் கடைத் திறப்புக்குக் கரடி வேஷம் போட்டு ஆடினார், புழுக்கம் தாங்காமல் கரடித் தலையைக் கழற்றிவிட்டு மைக்கைப் பிடித்துப் பாடினார். அந்த வீடியோ உன் ஆபீஸ் வரைக்கும் வந்து, அங்கே எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள் என்று என்னிடம் பல்லைக் கடித்தாய். சரி, உனக்கு வெட்கமாக இருந்தால் அவரிடமே சொல்லியிருக்கலாம். அவரும் கத்தியிருப்பார், ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், அதோடு தீர்ந்திருக்கும். அந்த மனிதர் எந்த வேஷத்துக்கு வெட்கப்பட்டார் சொல். மீசை முளைத்த நாளில் நாடகத்தில் பபூனாக ஏறினார். நாடகம் இல்லாத மாதத்தில் பேண்டு செட்டில் டிரம் அடித்தார், ஆர்கெஸ்ட்ராவில் பெண் குரலிலும் பாடினார். தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சி ஆட்டோவிலும் சாயங்காலம் எதிர்க்கட்சி ஆட்டோவிலும் ஒரே மெட்டில் ஓட்டுக் கேட்டார், இரண்டு பேருமே அவரை மறுபடியும் கூப்பிட்டார்கள். காதுகுத்தில் பலகுரல், அறுபதாம் கல்யாணத்தில் பழைய பாட்டு, இழவு வீட்டில் விடிய விடியப் பாட்டு, கடைசியாகப் பங்களா ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது ஆர்மோனியம். அதில்தான் நீ படித்தாய் என்று சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. அது தகப்பன் கடமை, செய்தார்.

நீ செய்தது என்ன ஆயிற்று என்று கேள். மருதுபாண்டி வாயில் விழுந்தது ஊர் முழுக்கப் போய்விட்டது. ஆர்மோனியக்காரர், தாளக்காரர், ஸ்திரீபார்ட் அக்கம்மாள் எல்லோரும் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து பார்த்தார்கள். நானும் பாசத்தில் வருகிறார்கள் என்றுதான் இருந்தேன். ஒருவர்கூட மேடைப் பேச்சை எடுக்கவில்லை, மாசியிலிருந்து ஒரு நிகழ்ச்சிக்கும் அழைப்பு இல்லை. உன் அப்பா அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் தெரியுமா? தன் குரல் போய்விட்டது, முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறார்கள் என்று. விடிந்தால் சித்தரத்தையும் பனங்கற்கண்டும் போட்டுத் தண்ணீர் குடிக்கிறார். கொல்லைப்பக்கம் போய்ப் பாடிப் பார்க்கிறார், "மேல போறப்பப் பிசிறடிக்குதா, உண்மையைச் சொல்லு" என்று என்னைக் கேட்கிறார். இல்லை என்றால் நம்பமாட்டேன் என்கிறார், "நீ பொண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவ" என்கிறார். போன வாரத்தோடு பாடுவதையும் நிறுத்திவிட்டார். வாய் ஓயாத மனிதர் சாப்பிடும்போதுகூடப் பேசுவதில்லை. எனக்கு வயிறு எரிகிறது கோபி. ஊரே கைகொட்டிச் சிரித்தபோதும் கலங்காதவரை நீ உட்கார்ந்த இடத்திலிருந்து ஊமையாக்கிவிட்டாய்.

சிங்கம்புணரி வைகாசித் திருவிழா நாடகத்துக்கு எல்லா வேஷத்துக்கும் ஆள் போட்டாயிற்றாம், பபூனுக்கு மட்டும் வேறு ஆள் போட மனசு வரவில்லை என்று மருதுபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். உண்மையை அவனிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கே உன் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அவருக்குக் குரல் திரும்பக் கிடைக்கும், பிள்ளை போய்விடுவான். அதனால் நீயே அவனுக்குப் பேசு. டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்பாயோ வேறு என்ன சொல்வாயோ, பொய் சொல்லத்தான் உனக்குத் தெரியுமே. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து ஒரு வாரம் பொறுப்பேன். அதற்குமேல் நானே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவேன், பிறகு அம்மாவைக் குறை சொல்லாதே.

பேத்திக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல். என் கோபம் உன்மேல்தான், மருமகள் மேலோ குழந்தை மேலோ இல்லை. மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சோலையம்மாள்

கையெழுத்துப் போட்ட பிறகு இதையும் எழுதுகிறேன். இப்போது உன் அப்பா வந்து நின்றார். கண்ணாடி போடவில்லை, நல்லவேளை. யாருக்கு எழுதுகிறாய் என்றார், கோபிக்கு என்றேன். "என் தொண்டை போனதை மட்டும் எழுதிப்புடாத, அங்குட்டு வேலை பாக்குற இடத்துல பிள்ள வெசனப்பட்டுப் போவான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.