பொட்டு வைத்த சர்வர்

செவ்வாய். காலை ஒன்பதுக்கே திருப்பரங்குன்றம் சாலையில் அனல்.

எங்கள் மருத்துவப் பரிசோதனை லேபில் இன்றைய வேலை: சந்தனம், பொரி, எலுமிச்சை, டேட்டாபேஸ் பேட்ச். கடைசியது மட்டும் நடக்கவில்லை.

எங்கள் ரிப்போர்ட் எல்லாம் கிடக்கும் டேட்டாபேஸ் மென்பொருளில் ஓட்டை. தயாரித்தவர்களே அறிவித்து, அதை அடைக்கப் பேட்சும் அனுப்பிவிட்டார்கள். பாஸ்வேர்டு வேண்டாம், எங்கிருந்தோ எவனோ நம் சர்வரில் தன் கட்டளையை ஓட்டலாம். ஒத்தக்கடை வீட்டில் சாய்ந்தபடி ரிப்போர்ட் பார்க்க, முதலாளி இணையத்துக்குத் திறந்துவைக்கச் சொன்ன அதே சர்வர்.

சாயங்காலம், ஆயுத பூஜை முடிகிற நேரத்தில்தான் முதலாளியைப் பிடித்துச் சொல்ல முடிந்தது.

“எம்புட்டு நேரமாகும் மாப்ள?”

“இருபது நிமிஷம்ணே.”

“பொட்டு வச்சாச்சே. வியாழக்கிழமை மறுபூஜை முடிச்சுத் தொடு.”

“ஓடிக்கிட்டுத்தானண்ணே இருக்கு?”

“அது ஓடட்டும். நாம தொடக் கூடாது.”

ஓட்டைக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார். சர்வரில் செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றவும் அனுமதியில்லை. அதற்கும் மாலை.

பிறகு வில்லாபுரத்துத் தையல்கார அக்கா. கணவருக்குத் தொண்டையில் கட்டி. சதைப் பரிசோதனை முடிவை டாக்டர் மதியமே சர்வரில் ஏற்றிவிட்டார். ஆனால் பிரிண்டர், கீபோர்டு எல்லாம் பொட்டோடு. “வியாழக்கிழமை வாங்கக்கா” என்றாள் ரிசப்ஷன் பெண்.

“ரெண்டு நாளு எப்பிடிம்மா தூங்குவேன்?”

பொரிப் பொட்டலம் கொடுத்து அனுப்பினோம்.

புதன். விடுமுறை. தூறல். டி.வி.யில் பட்டிமன்றம், சுண்டல் கொஞ்சம் வேகவில்லை. வீட்டு லேப்டாப்புக்குப் பொட்டு வைக்க மனைவி வந்தாள். அவசரத்துக்குத் தேவைப்படும் என்று தடுத்துவிட்டேன்.

வியாழன். மறுபூஜை. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. முதலாளிக்குப் பரம திருப்தி. திரையில் ஒரு ரிப்போர்ட்கூட இல்லை. டிஸ்க்கும் காலி. நேற்று மதியம் எவனோ ஓட்டை வழியே வந்து துடைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் ஊரில் பூஜை இல்லை போல.

“எவன்டா தொட்டது?”

“யாரும் தொடலண்ணே.”

“பெறகெப்பிடி?”

விளக்கினேன். தலையாட்டினார். அடுத்த வருஷம் பூசணிக்காயும் உடைக்க வேண்டும் என்றார்.

பத்தரைக்கு அக்கா, நெற்றி நிறைய விபூதி. சதை வைத்த கண்ணாடி ஸ்லைடு பத்திரமாக இருக்கிறது. அதை மறுபடி பார்க்க வேண்டிய டாக்டர் கொடைக்கானலில். போன் செய்தோம். “அம்புட்டையும் ஞாபகத்துலருந்து சொல்ல முடியாதுய்யா. திங்கக்கிழமை வாரேன்.”

அக்கா என்னைத்தான் பார்த்தார்.

“அன்னைக்கு நான் நிக்கயில அது உள்ளதான இருந்துச்சு?”

“இருந்துச்சுக்கா.”

இப்போது வீட்டில். லேப்டாப் எதிரே, பொட்டில்லாமல். அந்த இருபது நிமிட வேலையை நேற்றுக் காலையே இதிலிருந்து, இணையம் வழியாகச் செய்திருக்கலாம். சர்வரைத் தொட வேண்டியதில்லை. வந்தவனும் தொடவில்லை.